வெள்ளை அன்ரி

என் அம்மா ஜேர்மன்காரி. இதைச் சொன்னால் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில், பலர் நம்புவதில்லை. என் நிறத்தைப் பார்ப்பார்கள், நான் கதைக்கிற தமிழைக் கேட்பார்கள், "பகிடி விடாதையும்" என்பார்கள். டோர்செட் பார்க் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "ஆர், எங்கட வெள்ளை அன்ரியின்ரை மகளோ?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். போன மார்ச்சில் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு அப்படிக் கையைப் பிடிக்கிறவர்கள் உடனே விட்டுவிடுவதில்லை.

அம்மாவின் ஊர் ஜேர்மனியின் தெற்கே ஒரு சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு மரம் அரியும் ஆலை, கொஞ்சம் கடைகள். அம்மாவின் தகப்பன் இறைச்சிக்கடை வைத்திருந்தார். தாய் இளவயதிலேயே இறந்துவிட்டதால், படிப்பு முடிந்த கையோடு அம்மா கடையில் நிற்கத் தொடங்கினார். விடிய எழும்பித் தரையைக் கழுவுவது, பகல் முழுக்க வெட்டிக்கொடுப்பது, பின்னேரம் கதவைப் பூட்டுவது. தான் அந்த ஊரைவிட்டு எங்கேயாவது போவேன் என்று அவர் நினைத்ததே இல்லையாம்.

அப்பா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். போருக்குத் தப்பி ஓடி ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவர். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அந்த ஊரில் மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருப்பார். அந்த வாங்கில் வேறு ஒருவரும் வந்து இருப்பதில்லை. ஒரு ஞாயிறு அம்மா போய் அதன் மறு அந்தத்தில் இருந்தார்.

"அந்த மனிசன் குளிருக்குக் கையைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு பூசை பாத்தது. கையுறை இல்லை. எனக்குப் பிறகு பூசையிலை மனம் போகேல்லை" என்று பிற்காலத்தில் சொல்வார். அடுத்த கிழமை தன் தம்பியின் பழைய கையுறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

விஷயம் தெரிந்தபோது தகப்பன் சத்தம் போடவில்லை. "அவனைக் கட்டுவதென்றால் இனிக் கடைக்குள் கால் வைக்காதே" என்று மட்டும் சொன்னார். அம்மா அப்பாவைக் கட்டினார். கலியாணத்துக்கு அம்மாவின் பக்கத்திலிருந்து வந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். தகப்பனுக்குத் தெரியாமல் சைக்கிளில் வந்து, கலியாண உடுப்பில் நின்ற தமக்கையைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போனாராம். அம்மா அதன் பிறகு தகப்பனை உயிரோடு பார்க்கவில்லை.

நான் அந்த ஊரில்தான் பிறந்தேன். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அப்பாவுக்கு அங்கே இருக்கப் பிடிக்காமல் போனது. வேலையில் குறையில்லை. தமிழில் வாய்விட்டுப் பேச ஓர் ஆள் இல்லை, அதுதான் குறை. அப்பாவின் தமக்கை, என் மாமி, கணவனை இழந்து மகனோடு அதற்கு முன்பே கனடாவுக்கு வந்து டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்தார். தாய் இல்லாத வீட்டில் அப்பாவை வளர்த்தெடுத்தது அவர்தான். அப்பா கனடா என்று சொன்னதும் அம்மா மறுக்கவில்லை. "எனக்கு மட்டும் இங்கே யார் இருக்கிறார்கள்?" என்றாராம்.

மாமியின் கட்டிடத்திலேயே இரண்டு தட்டுக் கீழே எங்களுக்கு வீடு கிடைத்தது. தம்பிக்கென்று ஊரிலேயே ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தவர் மாமி. அவருக்கு அம்மாவைக் கண்ணில் காட்டக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வருவார், எங்கள் கதிரையில் இருப்பார், அம்மா போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பார், அம்மாவுக்கு முன்னாலேயே அம்மாவைப் பற்றி அப்பாவிடம் குறை சொல்வார். "உவளுக்கு என்ன விளங்கப்போகுது?" என்பார்.

அம்மா ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் லிஃப்டில், கடையில், கோயிலில், வீட்டில் காதில் விழுந்தது தமிழ். ஆகவே ஆங்கிலத்தைவிட அதுதான் முதலில் வந்தது. "எங்கட பாஷையிலையும் கனக்க இடத்திலை வினைச்சொல் கடைசியிலைதான் வரும். ஆள் சொல்லி முடிக்குமட்டும் பொறுத்திருக்கவேணும். தமிழும் அப்பிடித்தான். இங்கிலீசுக்குத்தான் எல்லாம் அவசரம்" என்பார். மரியாதைச் சொற்கள்தான் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்த பங்குத்தந்தையை "வா, இரு" என்றார். என்னைப் பார்த்து "எழும்புங்கோ, பல்லு மினுக்குங்கோ" என்பார்.

எங்கள் முதல் மாரி, பனிக்காலம். மாமி எங்கள் குசினித் தொலைபேசியில் யாரோ உறவுக்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா கோப்பை கழுவிக்கொண்டு நின்றார்.

"வெள்ளைக்காரியள் எத்தினை நாளைக்கு? இந்த வின்ரர் முடியட்டும், பெட்டியைக் கட்டியிடுவாள், பாருமன்" என்றார் மாமி.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் பூட்டினார். "கட்டமாட்டன் மச்சாள். நான் இருப்பன்" என்றார்.

கணவனின் தமக்கையை எங்கள் ஆட்கள் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை அம்மா எங்கே பிடித்தாரோ தெரியாது. மாமி தொலைபேசியை வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுத் தொலைபேசியைத் தொட்டதில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். என் சிறுவயதில் கேட்ட சத்தம் அதுதான். எவ்வளவு குளிராக இருந்தாலும் அம்மா காலையில் எல்லா யன்னல்களையும் திறந்துவிடுவார். பழைய காற்று வெளியே போனால்தான் மனிதர் வீட்டில் இருக்கலாம் என்பது அவர் கொள்கை. "ஆளைக் கொல்லப் பாக்கிறாள், எனக்கு நெஞ்சிலை சளி கட்டுது" என்று மாமி போர்வைக்குள்ளிருந்து கத்துவார். அம்மா சுடுகிற கறுத்தப் பாணை, அந்த ஜேர்மன் ரொட்டியை, மாமி கல்லு என்பார். மாமி பொரிக்கும் மீனின் மணம் கோட்டுக்குள் புகுந்துவிட்டதென்று அம்மா கோட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஆனாலும் சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் சாமான் வாங்கப் போனார்கள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா வேலைத்தலத்தில் விழுந்துவிட்டார். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. அம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாடும் முடிந்த பிறகு உறவினர்கள் எங்கள் வீட்டில் வட்டமாக இருந்தார்கள். எல்லார் மனதிலும் இருந்தது ஒரே கேள்விதான். ஜேர்மனியிலிருந்து அம்மாவின் தம்பி ஏற்கெனவே தொலைபேசி எடுத்திருந்தார். அங்கே தகப்பனும் இறந்துவிட்டார், வீட்டின் மேல்தட்டு சும்மா கிடக்கிறது, வா என்று. மாமிதான் வாயைத் திறந்தார்.

"நீ போறதெண்டால் போ. உன்னை ஆரும் மறிக்கேல்லை. பிள்ளையை மட்டும் விட்டிட்டுப் போ. தம்பியின்ரை எண்டு எனக்கு உது ஒண்டுதான் மிச்சம்."

நான் கதவோரம் நின்றேன். என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள் என்று அந்த வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

"ஆர் போறது?" என்றார் அம்மா. "நான் எங்கை போறது மச்சாள்? அவர் இஞ்சை கிடக்கிறார். பிள்ளை இஞ்சை. கறித்தூளும் இஞ்சைதானே."

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஒரு கணம்தான். அதன் பிறகு வீடு முழுக்க அழுகை. அப்பா இறந்த நாளில்கூட அம்மா எல்லாருக்கும் முன்னால் அழவில்லை. அன்றைக்கு மாமியின் தோளில் தலையை வைத்து அழுதார். மாமி கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் விறைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அம்மாவின் முதுகைத் தடவினார்.

அதன் பிறகுதான் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளை வீதி கடத்திவிடும் வேலை கிடைத்தது. மினுங்குகிற மேலங்கியும் கையில் 'நில்' பலகையுமாகக் காலையிலும் மதியத்திலும் பின்னேரத்திலும் சந்தியில் நிற்பார். முதல் நாள் ஒரு கூட்டம் பிள்ளைகள் சிவப்பு விளக்கில் ஓடப் பார்த்தார்களாம். அம்மா தமிழில், "நில்லுங்கோ! உங்களுக்கு என்ன கண் தெரியேல்லையோ?" என்று கத்த, பிள்ளைகள் அப்படியே உறைந்துபோய் நின்றுவிட்டார்களாம். வெள்ளை அன்ரி என்ற பெயர் அன்றைக்கு வைத்ததுதான்.

ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு கார் பலகையைக் கவனிக்காமல் பிள்ளைகளுக்குக் கிட்ட வந்துதான் பிரேக் போட்டது. அம்மா கோபத்தில் பலகையாலேயே காரின் முன்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அறிவில்லையோ உனக்கு! பிள்ளையள் வாறது தெரியேல்லையோ?" என்றார். கண்ணாடியை இறக்கினவர் ஒரு தமிழ் ஆள். ஆங்கிலத்தில் சண்டைக்குத் தயாராக வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. "சொறி அன்ரி" என்றார். "எனக்கு ஏன் சொறி? பிள்ளையளுக்குச் சொல்லு" என்றார் அம்மா. அவர் சொன்னார்.

அந்தச் சந்தியில் அம்மா நின்ற காலத்தில் நான் படித்து, கலியாணம் கட்டி, கிழக்கே அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அம்மாவையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். மாமியின் முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டது, மகனும் வேலையென்று வேறு மாகாணத்துக்குப் போய்விட்டான், அவரை ஆர் பார்க்கிறது என்றார். அதே கேள்வியை மாமி என்னிடம் மறுபக்கமாகக் கேட்பார். "நான் உன்னோடை வந்திட்டால் உவளை ஆர் பாக்கிறது?"

போன வருடம் இலையுதிர் காலத்தில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாய் சந்தியில் நின்று, "அன்ரி, உங்கட கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே உடம்பு மெலிந்து, சாப்பாடு குறைந்துதான் இருந்தது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. படம் பிடித்தார்கள், ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். வைத்தியர் என்னையும் அம்மாவையும் ஓர் அறையில் இருத்திக் கதைத்தார். நல்ல பெண், நிதானமாகச் சொன்னார். அம்மாவுக்கு அதற்குள் ஆங்கிலம் நன்றாகவே தெரியும். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். வைத்தியர் கொஞ்சம் தனியே இருங்கள் என்று எழுந்து போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப தமிழிலை சொல்லு."

"உங்களுக்கு விளங்கினதுதானே அம்மா."

"விளங்கினது. ஆனால் ஆரோ வேறை ஒராளின்ரை வருத்தம் மாதிரிக் கிடக்கு. நீ சொல்லு."

எனக்கு அந்த உறுப்பின் பெயரே தமிழில் தெரியாது. "வயித்துக்குப் பின்னாலை ஒரு இடம், அம்மா. அங்கை கான்சர். ஈரலுக்கும் போயிட்டுது. வெட்டி எடுக்கேலாதாம்" என்றேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்தார். "சரி. சொல்லிப்போட்டாய். இனி எழும்பு, வீட்டை போவம்" என்றார்.

மாமி தன் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். சோபாவில் படுத்தார். ஒரு காலை நான் அஜக்ஸிலிருந்து போனபோது வீடு வெளியைப்போல் குளிர்ந்து கிடந்தது. மாமி கம்பளித் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு சோபாவில் நடுங்கிக்கொண்டிருந்தார். யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"என்ன மாமி இது?"

"அவளாலை எழும்பித் துறக்க ஏலாதாம். நான்தான் துறந்தன். பேசாமல் இரு, இன்னும் கொஞ்ச நேரத்திலை பூட்டலாம்" என்றார்.

மாரியின் நடுவில் அம்மாவை வலிதீர்க்கும் பராமரிப்பு விடுதிக்குக் கொண்டுபோனோம். அம்மாவின் தம்பி ஜேர்மனியிலிருந்து வந்தார். சைக்கிளில் வந்த பையனாக நான் கேள்விப்பட்டிருந்தவர், ஊன்றுகோலோடு வந்த பெரிய உடம்புக்காரர். கட்டிலின் கரையில் இருந்து, தமக்கையின் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அவர்களின் பாஷையில் கதைத்தார். எனக்கு அந்தப் பாஷையில் சாப்பாட்டுச் சொற்களும் நித்திரைக்கு அனுப்பும் சொற்களும்தான் மிச்சம். மாமி ஒன்றும் விளங்காமல் இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி ஒன்றைக் கேட்கத்தான் வந்திருந்தார். ஊரில் குடும்பக் கல்லறையில் தாய்க்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே கொண்டுபோகலாமா என்று. அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அதை அவர் உடைந்த ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கோ வேறு கவலை. அப்பாவை அடக்கம் செய்தபோது, எப்படியும் அம்மா திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்து, பக்கத்து இடத்தை மாமி தனக்கென்று வாங்கி வைத்திருந்தார். மறுபக்கத்தில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். இதை மாமியிடம் எப்படிக் கேட்பது?

தம்பிக்காரர் சொன்னதை நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன். மாமி எழுந்து, கதிரையைக் கட்டிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இஞ்சை பார். தம்பிக்குப் பக்கத்திலை உள்ள இடம் உனக்கு" என்றார் அம்மாவிடம்.

"அது உங்கட இடமெல்லோ, மச்சாள்."

"நான் அவனோடை பிறந்தனான். நீ அவனோடை வாழ்ந்தனி. உன்ரை இடம்தான் அது. நான்தான் விசர்த்தனமா வாங்கிப்போட்டன்."

"அப்ப நீங்கள்?"

"நான் பக்கத்து வரிசையிலை எங்கையாவது கிடக்கிறன். ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டு கிடந்தால் போச்சு."

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. தம்பிக்காரர் பதறி எழும்ப, அம்மா கையைக் காட்டி இருத்தினார். என்ன நடந்தது என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் எழுந்து போய் மாமிக்கு முன்னால் குனிந்து அவர் கையைப் பிடித்தார். மாமி வெட்கப்பட்டுப்போனார். "உந்தாள் சாப்பிட்டுதோ எண்டு கேள்" என்றார்.

அம்மாவின் தம்பிக்கு இருதய நோய். கனநாள் நிற்க முடியாமல் திரும்பிப் போனார். அவர் போன பிறகு அம்மாவிடமிருந்து தமிழும் ஆங்கிலமும் போய்விட்டன. மருந்தின் மயக்கத்தில் ஜேர்மன் மட்டும் வந்தது. மாமி எல்லாவற்றுக்கும் "ஓம்" சொன்னார். "ஓம் பிள்ளை. ஓம் ஓம். அப்பிடியே செய்வம்." ஒரு பின்னேரம் அம்மா ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அந்தரப்பட்டார். நான் தம்பிக்காரருக்கு எடுத்து, தொலைபேசியை அம்மாவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். பிறகு என் காதில் வைத்தேன்.

"கடைக் கதவைப் பூட்டச் சொல்கிறாள். அப்பா களைத்துப்போனார், கதவைப் பூட்டு என்கிறாள்" என்றார் தம்பிக்காரர்.

நான் அதை மாமிக்குச் சொன்னேன். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் அறைக் கதவைச் சத்தம் கேட்கச் சாத்தினார். திரும்பி வந்து அம்மாவின் நெற்றியில் கையை வைத்தார். "பூட்டியாச்சு. இனி ஒருத்தரும் வரமாட்டினம். நீ படு" என்றார். அம்மா அமைதியானார்.

இரண்டு நாள் கழித்து, மாமி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் மூச்சு நின்றது. மாமி கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். நான் அவரை மறிக்கவில்லை. முடித்துச் சிலுவையை முத்தமிட்டு நிமிர்ந்தபோதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

உடலைப் பார்வைக்கு வைத்த நாளில் மண்டபம் கொள்ளாத சனம். வேலைக்குப் போகும் உடுப்போடு, கைக்குழந்தைகளோடு, நான் அறியாத இளம் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். "She used to yell at us in Tamil, அக்கா" என்று ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளைத் தேற்றியதில் என் அழுகை நின்றது. பனி உருகிச் சேறாகக் கிடந்த மண்ணில், அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவை இறக்கினோம்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சாமான்களை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு நானும் மாமியும் மட்டும் வெறும் அறையில் நின்றோம். இருக்க ஒரு கதிரைகூட இல்லை. மாமி சுவரோடு சாய்ந்தபடி இருந்தார்.

"நீங்கள் மூண்டு பேரும் வந்த அண்டு நான் எயாப்போட்டுக்கு வந்தனான்" என்றார் திடீரென்று. "தம்பியைக் கட்டிப்பிடிச்சு அழுதன். உன்னைத் தூக்கி வைச்சுக்கொண்டன். அவளை வாவெண்டு ஒரு சொல் கேக்கேல்லை. நாங்கள் முன்னாலை போக, பெட்டியளைத் தள்ளிக்கொண்டு தன்ரைபாட்டிலை பின்னாலை வந்தாள். ஒருநாளாவது அதைப்பற்றி என்னட்டைக் கேப்பாள், சண்டை பிடிப்பாள், அப்ப சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். எல்லாத்துக்கும் சண்டை பிடிச்சவள், அதைக் கேக்கவேயில்லை."

அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தேன். பொத்தானைப் பூட்ட அவர் விரல்கள் வரவில்லை, நான் பூட்டிவிட்டேன். வீட்டுத் திறப்பைக் கீழே அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு அஜக்ஸுக்கு வந்தேன். இப்போது என்னோடுதான் இருக்கிறார்.